78 என்று அறிக்கை வந்தால் என்ன அர்த்தம்? ஐக்யூ எண்ணைப் படிப்பது பற்றி ஓர் இழை

#1 சிப்புட்வாசி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் குழுக்களில் இப்போது இதே பேச்சுதான். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை ஈப்போவுக்குக் கூட்டிப்போய் ஐக்யூ பார்த்து அறிக்கை வாங்கி வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். எல்லாரும் படிப்பது முதல் பக்கத்து எண்ணை மட்டும். 78 வந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. 91 வந்த வீட்டில் மிச்ச 9 எங்கே போனது என்று விசாரணை.

விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 78க்கும் 84க்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? வீட்டில் தமிழ், பள்ளிக்கு வெளியே மலாய், சோதனை ஆங்கிலத்தில் என்றால் அந்த எண்ணை நம்பலாமா? எண்ணை மட்டும் வைத்துச் சிறப்புக் கல்வி வகுப்பில் போட முடியுமா?

ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பெயர், பள்ளி, அறிக்கைப் படம் எதுவும் இங்கே வேண்டாம். சோதனையில் வரும் அசல் கேள்விகளும் வேண்டாம். கேள்வி வெளியே வந்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அந்தச் சோதனை பயன்படாது.

#2 அளவுக்காரர்

முதலில் ஒன்று. 78 என்பது நூற்றுக்கு 78 இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை பரவலாக எடுக்கப்படுவது வெக்ஸ்லர் சிறார் அளவுகோல். ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. முதன்மையான சிறு சோதனைகள் 10. அதில் 7 சேர்ந்துதான் முதல் பக்கத்து 'முழு ஐக்யூ'. ஒவ்வொரு சிறு சோதனையிலும் பிள்ளை எடுத்த கச்சாப் புள்ளியை, அதே வயதுக்கான அட்டவணையில் வைத்து 1 முதல் 19 வரை ஓர் எண்ணாக்குவார்கள். அங்கே 10 நடு. ஏழையும் கூட்டி இன்னோர் அட்டவணையில் பார்த்தால், 100 நடுவாகவும் 15 திட்டவிலக்கமாகவும் (நடுவிலிருந்து பிள்ளைகள் பொதுவாக எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்ற அளவு) உள்ள எண் கிடைக்கும். ஆக 100 முழு மதிப்பெண் அல்ல, நடுக்கோடு. 90 முதல் 109 வரை சராசரி. 91 வாங்கிய பிள்ளை எதையும் தொலைக்கவில்லை.

எண் வரிசையில் இடத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. 78 என்றால் அட்டவணைக்குப் பயன்பட்ட அதே வயதுப் பிள்ளைகள் 100 பேரை நிறுத்தினால் கீழிருந்து ஏழாவது ஆள் பக்கம். 84 என்றால் பதினான்காவது. 91 என்றால் இருபத்தேழாவது. 120 வாங்கியவன் 60 வாங்கியவனைவிட இரண்டு மடங்கு அறிவாளி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இந்த அளவுகோலில் பூஜ்யம் என்று ஓர் இடமே கிடையாது, அப்புறம் மடங்குக்கு ஏது பேச்சு.

இனி பிழை. நல்ல சோதனையின் நம்பகத்தன்மைக் கெழு, அதாவது மறுபடி அளந்தாலும் எண் எவ்வளவு ஒத்துவரும் என்பதன் அளவு, 0.96 பக்கம் இருக்கும் (1 என்றால் பிழையே இல்லை). அளவீட்டுப் பிழைக்குச் சூத்திரம்: 15 பெருக்கல், 1இலிருந்து 0.96 கழித்ததன் வர்க்கமூலம். 0.04இன் வர்க்கமூலம் 0.2. பிழை 3 புள்ளி. 95 விழுக்காடு உறுதியோடு பேச வேண்டுமானால் 1.96 மடங்கு, அதாவது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 6. அப்போது 78 என்பது 72 முதல் 84 வரை. 84 என்பது 78 முதல் 90 வரை. இரண்டு பிள்ளைகளை ஒப்பிட்டால் இரண்டு பிழையும் சேரும். 3ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 4.2, அதன் 1.96 மடங்கு 8.3. ஒன்பது புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை வைத்து இவன் கெட்டி, அவன் மந்தம் என்று பேசக்கூடாது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். 78க்கும் 84க்கும் இடையில் நாம் நம்பிப் பேசக்கூடிய வித்தியாசம் இல்லை.

இதுவும் நல்ல சோதனைக்குத்தான். இருபது நிமிடத்தில் முடிக்கும் குறுஞ்சோதனையின் கெழு 0.90 என்று வையுங்கள். பிழை 4.7, வீச்சு இரண்டு பக்கமும் 9க்கு மேல். வீச்சை எழுதாமல் ஒற்றை எண்ணை மட்டும் தரும் அறிக்கை அரைகுறை.

#3 குறைநீக்கல் டீச்சர்

மொழி பற்றி நான் எழுதுகிறேன். 'ஆங்கிலம் தெரியாததால் குறைந்தது' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் மனநல நிபுணர் காதில் ஏறாது. எங்கே குறைகிறது என்று இடம் காட்ட வேண்டும்.

எண் நினைவுச் சோதனையை எடுங்கள். சோதிப்பவர் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பார்த்தால் மொழியே இல்லாத சோதனை போலத் தெரியும். ஆனால் நாம் எண்களை மனசுக்குள் வாயசைத்துத்தான் பிடித்துவைக்கிறோம், அந்தப் பிடி இரண்டு நொடி அளவுக்குத்தான் தாங்கும் என்பது 1970களிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். இப்போது 5-8-2-6-1-4. ஆங்கிலத்தில் ஆறு அசை. தமிழில் அஞ்சு, எட்டு, ரெண்டு, ஆறு, ஒன்னு, நாலு என்று பன்னிரண்டு அசை. மலாயிலும் லீமா, லாப்பான், டூவா, எனாம், சாத்து, எம்பாட் என்று பன்னிரண்டுதான். ஒன்பது வந்துவிட்டால் தமிழிலும் மலாயிலும் மூன்று அசை ஆகிவிடும். 1980இல் வேல்ஸ் நாட்டில் இருமொழிக்காரர்களிடம் இதையே பார்த்தார்கள். வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது, அந்த மொழியில் நினைவில் நிற்கும் எண்களும் குறைகின்றன. ஆள் அதே ஆள்தான். ஆகவே எண்களைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலப் பிள்ளைகளின் அட்டவணையில் புள்ளி போட்டால், பிள்ளை வாய் திறக்கும் முன்பே ஒரு படி பின்னால் நிற்கிறது. ஆங்கிலத்திலேயே சொன்னால், 'எய்ட்' என்பதை முதலில் எட்டாக்கி அப்புறம் பிடிக்கிற பிள்ளைக்கு வேறு வகைச் சுமை.

அடுத்தது சொல்லறிவு. கேள்விகள் சுலபத்திலிருந்து கடினத்துக்கு அடுக்கியிருக்கும். பல சிறு சோதனைகளில் தொடர்ந்து மூன்று பூஜ்யம் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. சோதிப்பவர் இரக்கப்பட்டு அங்கேயே தமிழில் பெயர்த்துச் சொன்னால் என்ன நடக்கும்? ஆங்கிலத்தில் சின்னச் சொல்லாக இருப்பது தமிழில் பாடப்புத்தகச் சொல்லாகிவிடும். அடுக்கு குலையும். நம் பிள்ளைக்கு 'ஆலை' என்றால் விழிக்கத் தெரியும். 'கிலாங்' என்று மலாயில் கேட்டால் அங்கே என்ன வேகிறது, எப்படி நாறும் என்றுகூடச் சொல்லும். 'தீயணைப்பு வண்டி'க்கு யோசிக்கும், 'பொம்பா' என்றால் ஓசையே எழுப்பிக் காட்டும். நடுவில் இப்படி மூன்று சொல் அடுத்தடுத்து மாட்டினால் சோதனை அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் இருந்த, பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் கேட்கப்படவே மாட்டா. இரக்கத்தால் வந்த பிழை இது, பெரும்பாலும் அறிக்கையில் பதிவாவதும் இல்லை.

மூன்று மொழியிலும் சேர்த்து எண்ணினால் நம் பிள்ளையின் சொற்கூடை சின்னது கிடையாது. ஒரு மொழிக்கான பங்கை மட்டும் எடுத்து, அந்த ஒரு மொழியிலேயே வளர்ந்த பிள்ளையின் முழுக் கூடையோடு எடை போடுகிறோம்.

#4 பட்டைக்கத்தி

அப்புறம் எதற்கு டீச்சர் இந்தச் சோதனை? தூக்கிப் போட வேண்டியதுதானே. வெள்ளைக்காரன் எழுதினான், நம் பிள்ளையை மட்டம் தட்டுகிறது. முடிந்தது கதை.

#5 அளவுக்காரர்

அண்ணே, கதை அப்படி முடியாது. முதன்முதலில் இதைச் செய்தவர் எதற்குச் செய்தார் என்று பார்த்தால் உங்கள் கோபத்துக்கே நல்ல பிடி கிடைக்கும்.

பிரான்சில் 1904இல் அரசு ஒரு குழு போட்டது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி தர வேண்டும், யாருக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியருக்குப் பிடிக்காத பிள்ளையையெல்லாம் மந்தம் என்று தள்ளிவிடக் கூடாதே என்ற கவலை. அதற்காக 1905இல் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 30 வேலைகள் கொண்ட அளவுகோல் ஒன்றைச் செய்தார்கள். அதாவது இது பிள்ளையை ஆசிரியரின் வாயிலிருந்து காப்பாற்ற வந்த கருவி. பிள்ளையின் அறிவு மாறாத ஓர் அளவு, அதைக் கூட்டவே முடியாது என்ற பேச்சைப் பினே வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்.

கெட்டது அட்லாண்டிக் கடலைத் தாண்டிய பிறகு. 1912இல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் ஸ்டான்போர்டில் லூயிஸ் டெர்மன் அதை 100ஆல் பெருக்கினார். ஆளுக்கு ஓர் எண் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் சுமார் 17 லட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சோதனை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 'பீட்டா' என்ற படச் சோதனை. படத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்று கேள்வி. ஒரு படம் டென்னிஸ் ஆட்டம், விடுபட்டது நடுவிலுள்ள வலை. இன்னொன்று மின்விளக்கு, உள்ளே இழை இல்லை. இத்தாலியின் மலைக்கிராமத்திலிருந்து வந்து இறங்கியவன் டென்னிஸை எங்கே பார்த்தான்? அந்தப் புள்ளிகளை வைத்து 1923இல் கார்ல் பிரிகாம் இனவாரியாக அறிவு மட்டம் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்கா குடியேற்றத்தைச் சுருக்கிச் சட்டம் போட்டது. சட்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த எண்களும் மேடையில் ஏறின. 1930இல் பிரிகாமே தன் முடிவுகள் செல்லாது என்று எழுதிவிட்டார். சட்டம் பல்லாண்டு நின்றது.

ஆக, பினே கேட்டது 'இந்தப் பிள்ளைக்கு எங்கே உதவி வேண்டும்?' டெர்மன் காலத்தில் அது 'இவன் எத்தனை?' ஆகிவிட்டது. முதல் கேள்விக்கு இந்தச் சோதனை இன்றும் உதவும். எண்ணைப் புரட்டிவிட்டு மூன்றாம் நான்காம் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஐந்து பிரிவு இருக்கும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் பட்டியல்:

சொற்புரிதல் 70
காட்சி, இட உணர்வு 95
புதிர்களில் ஒழுங்கைக் கண்டுபிடித்தல் 94
செயல்நினைவு 82
வேகம் 77

இப்படி வந்தால் மொத்தம் 80ஐ ஒட்டி நிற்கும். ஆனால் 80 என்ற பிள்ளை இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. ஒரு கால் கொதிநீரில், ஒரு கால் பனிக்கட்டியில் நிற்பவனைச் சராசரியாகச் சுகமாயிருக்கிறான் என்பது போன்ற கணக்கு. உச்சப் பிரிவுக்கும் அடிப் பிரிவுக்கும் 23 புள்ளி, அதாவது ஒன்றரைத் திட்டவிலக்கம், இடைவெளி வந்தால் மொத்த எண்ணை வைத்துப் பேசாதே என்று ஒரு கைக்கணக்கு உண்டு. இங்கே 25. இந்தப் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிற வேலை சராசரி. இடறுவது சொல்லிலும் வேகத்திலும். வேகப் பகுதியில் குறிமாற்றுச் சோதனை 120 நொடி, பென்சிலால் குறி போட வேண்டும். அழித்து அழித்து அழகாக எழுதும் பிள்ளை அங்கே புள்ளி இழக்கும். சோதித்தவர் 'அழிக்க முயன்றான்' என்று குறித்திருக்கிறாரா பாருங்கள். ஒரு வரிக் குறிப்பு, எண்ணைவிட அதிகம் பேசும்.

#6 பழைய டிரெசர்

இவ்வளவு கணக்குக்கு முன்னால் ஒரு கிளினிக் நடை போய்வாருங்கள். சோதனைக்கு முன்பே பார்க்க வேண்டியது:

கண். வெண்பலகையில் எழுதியது தெரியாத பிள்ளைக்குப் பட அட்டையிலும் சின்னக் கோடு தெரியாது. கண்ணாடி போட்ட பிறகு சோதனை.

காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்து நிற்கும். வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. வாரத்துக்கு வாரம் கேட்கும் அளவு மாறும். 'சொன்னதைத் திருப்பிச் சொல்' என்கிற சோதனை அந்த வாரம் காதைத்தான் அளக்கும்.

ரத்தம். 5 முதல் 11 வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே என்றால் ரத்தச்சோகை. கூடவே பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்றும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை கவனம் நிற்காமல் தவிக்கும்.

மருந்து. மூக்கொழுகலுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் பாகு தூக்கம் வரவைக்கும். முதல் நாள் இரவு கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள்.

விடியற்காலையில் அம்மா அப்பா வேலைக்குப் போகும் வீடென்றால் பிள்ளையும் அந்நேரத்துக்கு எழுந்திருக்கும். பசியாறாமல் ஈப்போவுக்கு வண்டி ஏறி, பதினொரு மணிக்கு, தெரியாத அறையில், தெரியாத ஆளுக்கு முன்னால், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தால் வருவது அந்தக் காலையின் எண். காலை முதல் வேளையைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் அவ்வப்போது கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் திரும்பாமல் சில நொடி உறையும் பிள்ளையென்றால் சோதனையைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

#7 பட்டைக்கத்தி

டிரெசர் ஐயா சொன்னது சரி. நான் வேறு பக்கம் வருகிறேன். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தச் சோதனை வைத்திருந்தால் 60கூட வந்திருக்காது. ஆனால் ரப்பர் மரத்துப் பால்வெட்டைப் பாருங்கள். பட்டையில் 30 பாகைச் சாய்வு, இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, மரத்தின் பாதிச் சுற்று. ஒரு வெட்டுக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே வளர்திசுவைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் காயம். காயம்பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் கத்தி ஓடாது. இதை விடியும் முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் பட்டை தடிமன் மாற மாற, சில நூறு மரத்துக்கு. மணிக்கட்டு கணக்குப் போடுகிறது. இது அறிவு இல்லையா?

#8 அளவுக்காரர்

அறிவுதான். ஆனால் அண்ணே, இந்த வாதத்தை ஜாக்கிரதையாகப் பிடிக்க வேண்டும். 'படிப்பில் குறைந்தவனுக்குக் கையில் இருக்கும்' என்று இதைத் திருப்பி, நம் பிள்ளைகளையே மரத்தடிக்கு அனுப்பிய காலம் உண்டு. பால்வெட்டுத் திறன் பழக்கத்தில் வருவது, ஐக்யூ குறைவாக இருந்ததற்கு ஈடாகக் கடவுள் கொடுத்தது கிடையாது. அந்தப் பெரியவர்களுக்கு 60 வந்திருந்தால், பள்ளி வாசல் காணாதவர்களுக்குப் பள்ளிப் பாணிச் சோதனை வைத்ததுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்றுகள் வேறு உண்டு. பிரேசிலில் தெருவில் இளநீரும் பழமும் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் வெளியான ஆய்வு. ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்து எவ்வளவு? பையன் சொன்னது: மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், 315, 350. பத்தால் பெருக்கினால் பூஜ்யம் போடு என்ற பள்ளி வழி அவன் வாயிலேயே வரவில்லை, ஆனால் விடை சரி. கடையில் 98 விழுக்காடு சரி. அதே பிள்ளைகளுக்கு அதே எண்களை வெறும் கணக்காக நீட்டியபோது 37 விழுக்காடு. நம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கச்சான் (கடலை) விற்கும் பிள்ளைக்கு 'ஐந்து வெள்ளிக்கு மீதி என்ன' என்று கேட்பதும், தாளில் 5.00 − 3.20 எழுதிக் கொடுப்பதும் இரண்டு வேறு சோதனைகள்.

1986இல் செசி, லைக்கர் இருவரும் குதிரைப் பந்தயம் கணிப்பவர்களைப் பார்த்தார்கள். தேர்ந்த கணிப்பாளர்கள் ஏழெட்டுக் காரணிகளை ஒன்றோடொன்று பின்னி யோசித்தார்கள். அந்தத் திறமைக்கும் அவர்கள் ஐக்யூவுக்கும் தொடர்பே தெரியவில்லை. (பந்தயத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை.)

எனக்கு மிகவும் பிடித்தது லைபீரியாவின் குப்பெல்லே விவசாயிகள் கதை. இருபது பொருளைக் கொடுத்து எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொன்னார்கள். கத்தியை ஆரஞ்சுப் பழத்தோடு வைத்தார்கள், கத்தி பழத்தை வெட்டுமே. 'புத்திசாலி இப்படித்தான் அடுக்குவான்' என்றார்கள். சலித்துப்போன ஆய்வாளர், முட்டாள் எப்படி அடுக்குவான் என்று கேட்டார். உடனே உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று சோதனை எதிர்பார்த்தபடியே அழகாக அடுக்கினார்கள். ஒற்றுமை கேட்கும் சிறு சோதனையில் 'கத்தியும் பழமும் வெட்டத்தான்' என்று பிள்ளை சொன்னால் புள்ளி குறையும். பிள்ளைக்குத் தெரியாதது வகைப்படுத்தும் அறிவா, அல்லது இங்கே எதைக் கேட்கிறார்கள் என்பதா?

#9 தொழிற்கூடம்

வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து. ஒரு தொழிற்சாலையில் 12 நிமிடம், 50 கேள்வி என்கிற பாணியில் சோதனை வைத்து ஃபிட்டர், லோரி ஓட்டுநர் வரைக்கும் வடிகட்டுகிறார்கள். உலகெங்கும் உள்ள பழக்கம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971லேயே ஒரு மின்நிறுவன வழக்கில், வேலைக்குத் தொடர்பு காட்ட முடியாத சோதனையை வைத்து ஆளைத் தள்ளக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எவ்வளவு தொடர்பு என்பதற்கும் எண் உண்டு. 1998இல் வந்த தொகுப்பு ஆய்வு, பொது அறிவுத்திறன் சோதனைக்கும் வேலைத் திறனுக்கும் ஒட்டுறவு 0.51 என்றது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மனிதவளத்துறை இருபது வருடம் அதையே ஓதியது. 2022இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும், பழைய கணக்கில் திருத்தம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்று காட்டி 0.31க்கு இறக்கினார்கள். வர்க்கம் எடுங்கள், ஆட்களுக்கு இடையிலான வேலை வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ஆய்வில் எல்லாருக்கும் ஒரே கேள்விகளை வரிசையாகக் கேட்கும் நேர்காணல் 0.42.

செம்பனை ஆலைக்கு ஆள் வேண்டுமா? அரை மணி நேரம் வேலையையே கொடுத்துப் பாருங்கள். ஃபிட்டருக்கு ஒரு வெர்னியர் காலிப்பர், ஐந்து தண்டு, அளந்து எழுதச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் தேய்ந்தது. கொதிகலன் பக்கத்து ஆளுக்கு எட்டு மணி நேர அழுத்தப் பதிவேட்டின் நகல், அதில் இரண்டு இடத்தில் தப்பு, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தரம் பார்ப்பவனுக்குப் பத்துக் குலை. உதிர்ந்த காய்களின் குழியை எண்ணிப் பழுத்தது எது, பழுக்காதது எது என்று பிரிக்கட்டும்.

#10 சிப்புட்வாசி

நன்றி. மூன்றாவது கேள்வி பாக்கி. எண்ணை வைத்துச் சிறப்புக் கல்விக்கு அனுப்ப முடியுமா? 70க்குக் கீழே என்றால் மாற்றுத்திறனாளி அட்டை, மேலே என்றால் இல்லை என்கிறார்களே.

#11 குறைநீக்கல் டீச்சர்

70 கோடு பழைய பழக்கம். 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிவுசார் குறைபாட்டின் தீவிரத்தை ஐக்யூவை வைத்துப் பிரிப்பதையே நிறுத்திவிட்டது. மூன்று விஷயமும் சேர வேண்டும்: அறிவுச் செயல்பாட்டில் குறை, அன்றாட வாழ்க்கைத் திறனில் குறை, இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருப்பது. எண்ணுக்கு 65 முதல் 75 வரை ஒரு வீச்சு, மீதி மருத்துவரின் தீர்மானம். அமெரிக்காவில் ஒரு மரண தண்டனை வழக்கில்கூட, 70ஐத் தாண்டினால் பேச்சே இல்லை என்ற மாநில விதியை 2014இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. காரணம், #2இல் சொன்ன அதே அளவீட்டுப் பிழை.

அன்றாடத் திறனைப் பார்க்க வைன்லாண்ட் போன்ற அளவுகோல் உண்டு. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பார்கள். தானே குளிக்கிறதா, கடையில் மீதிக் காசு சரிபார்க்கிறதா, சாலையைப் பார்த்துக் கடக்கிறதா, தம்பியைப் பார்த்துக்கொள்கிறதா. 72 வாங்கிய பிள்ளை இதையெல்லாம் வயதுக்கேற்பச் செய்தால், அது அறிவுசார் குறைபாடு என்று எழுதுவதற்கு ஆதாரம் இல்லை. வாசிப்புச் சிக்கலா என்று வேறு பக்கம் தேட வேண்டும். இங்கே பெற்றோர் செய்யும் தப்பு ஒன்று: வெட்கப்பட்டு 'எல்லாம் தானே செய்வான்' என்று கூட்டிச் சொல்வது, அல்லது அட்டை கிடைக்கட்டும் என்று குறைத்துச் சொல்வது. இரண்டும் பிள்ளையைத் தப்பான இடத்தில் உட்கார வைக்கும்.

நம் நாட்டில் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு, சமூகநலத்துறையில் பதிவதற்கு மருத்துவர் சான்று வேண்டும். கற்றல் குறைபாடு என்ற ஒரே பிரிவுக்குள் ஆட்டிசம், டவுன் நோய்க்குறி, டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிக்கல்) எல்லாம் அடக்கம். ஆக, அட்டை வாங்கியவர் எல்லாரும் ஐக்யூ குறைந்தவர் என்று நினைப்பது பெரிய தப்பு. ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்தாலும், 2013 விதிமுறைப்படி மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு தகுதிகாண் காலம் உண்டு. அந்தக் காலத்தில் வகுப்பில் என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண வகுப்பில் இருந்துகொண்டே குறைநீக்கல் வகுப்புக்கு வருவது வேறு ஏற்பாடு. அதற்கு ஐக்யூ வேண்டாம், எழுத்திலும் எண்ணிலும் எந்தத் திறனில் நிற்கிறது என்ற கண்டறிதல் சோதனை போதும். இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். யூபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு) காலத்துப் புகுமுக வகுப்பையும் இப்படித்தான் குழப்பினார்கள். மலாய்ப் புள்ளிக்காக ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்த பிள்ளைக்கு ஊரே 'மக்கு' என்று பெயர் வைத்தது. அங்கே அளந்தது மொழியை மட்டும்.

#12 பட்டைக்கத்தி

சரி டீச்சர், தூக்கிப் போடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பாதி மட்டும். இணையத்தில் பத்து நிமிடத்தில் 138 என்று சான்றிதழ் தருகிறானே, அது?

#13 அளவுக்காரர்

அது காசுக்கு விற்கிற காகிதம். யாரோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி இருக்காது.

நல்ல சோதனையிலும் காலம் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் காட்டியது: பல நாடுகளில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் மக்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. இருபது வருடப் பழைய அட்டவணையில் புள்ளி போட்டால் 6 புள்ளி வரை சும்மா கூடும். இந்தியாவில் மாலின் செய்த சிறார் அளவுகோல் 1969ஐச் சேர்ந்தது, இன்னும் சிலர் நகலெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இந்திய அட்டவணை பொருத்தம்தானே என்று நினைத்தால், நாக்பூரின் அன்றைய பிள்ளைக்கும் பேராக்கின் இன்றைய பிள்ளைக்கும் இடையில் அரை நூற்றாண்டும் ஒரு கடலும் இருக்கிறது. பேச்சே இல்லாத சோதனை வேண்டுமென்றால் சைகையால் நடத்தும் லெய்ட்டர், அல்லது ரேவன் வண்ணக் கட்டங்கள், 36 கேள்வி. அதிலும் பள்ளிப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் சொல் தடையாக நிற்காது.

சில மாதத்திலேயே மறுபடி எடுத்தால் பழக்கத்தால் ஏறும், அதை முன்னேற்றம் என்று கொண்டாடாதீர்கள். ஓராண்டு, முடிந்தால் இரண்டாண்டு இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். வயதைக் கணக்கிட்டது சரியா பாருங்கள். அட்டவணை நான்கு மாதத்துக்கு ஒன்றாக மாறும். சோதனைத் தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழிக்கும்போது ஒரு மாதம் கடன் வாங்க மறந்தால் பிள்ளை அடுத்த அட்டவணைக்குப் போய்விடும், எல்லாப் புள்ளியும் நகரும். கையில் கூட்டிய தாள்களில் கூட்டல் பிழையும் வரும்.

#14 குறைநீக்கல் டீச்சர்

அறிக்கை கையில் இருப்பவர்கள் சோதித்தவருக்கு இப்படி எழுதிக் கேட்கலாம். நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

'ஐயா / அம்மா, எங்கள் பிள்ளையின் அறிக்கை தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். சோதனையின் பெயர், பதிப்பு, எந்த நாட்டு அட்டவணை. சோதனை நடந்த மொழி, எந்தச் சிறு சோதனைகளில் மொழிபெயர்ப்பு செய்யப்பட்டது. சோதனை நாளில் பிள்ளையின் வயது, ஆண்டு-மாதம்-நாள். முழு எண்ணுக்கும் ஐந்து பிரிவுகளுக்கும் 95 விழுக்காட்டு வீச்சு. அன்றாடத் திறன் எந்த அளவுகோலால், யாரிடம் கேட்டுப் பார்க்கப்பட்டது. இந்த முடிவுகளின்படி வகுப்பில் அடுத்த ஆறு மாதம் எங்கள் பிள்ளைக்கு எந்த மூன்று உதவிகளைப் பரிந்துரைக்கிறீர்கள்.'

கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அதற்குப் பதில் வந்தால் அந்தத் தாளை மட்டும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முதல் பக்கம் வீட்டிலேயே இருக்கட்டும்.